வந்து தோத்தவங்க

ஒலிம்பிக்ல கயிறு இழுக்குற போட்டி இருந்துச்சு, தெரியுமா தம்பி உங்களுக்கு?

சிரிக்காதீங்க. பஸ்ல ஏறுனதுலருந்து போன்ல ஓட்டப்பந்தயம் பாத்துக்கிட்டு வாரீங்களேன்னுதான் கேட்டேன். ஓட்டம், தாவுறது, குண்டு எறியுறது, இதுக கூடச் சேத்துத்தான் வச்சிருந்தாவளாம். கோயில் திருவிழாவுல சாக்கு ஓட்டத்துக்கும் லெமன் ஸ்பூனுக்கும் நடுவுல நடத்துவாங்கள்ல, அதே கயிறுதான். ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி இருவதோட நிப்பாட்டிட்டாவ. ஏன் நிப்பாட்டுனாவன்னு கேக்காதீங்க, எனக்குத் தெரியாது. தெரியாததத் தெரியும்னு சொல்லுற ஆளு நான் இல்ல.

இருந்த வரைக்கும் பொம்பளைகள ஒரு தடவகூட இழுக்க விடல. அதையும் கேட்டுக்கிடுங்க.

எம்பேரு பனிமயம். கயிறு இழுத்த எங்க எட்டுப் பேர்ல நான் கடைசி ஆளு. கடைசின்னா மட்டம்னு நெனச்சுராதீங்க. கயித்து நுனியத் தோள் வழியாப் போட்டு உடம்போட சுத்திக்கிட்டு நிக்குறவ அவதான். முன்னால ஏழு பேரும் தடுமாறலாம், அவ தடுமாறக் கூடாது. என் உடம்பப் பாருங்க. வேற எதுக்குக் கடவுள் என்னைய இப்படிப் படைச்சாரு?

இன்னைக்கு ஒரு விசேசத்துக்குப் போயிட்டு வாரேன். பொன்னாடை போடுற விசேசம். எனக்கு இல்ல. அத அப்புறம் சொல்லுதேன். மொதல்லருந்து சொன்னாத்தான் வெளங்கும்.

சுனாமிக்கு முந்தி நடந்தது. எங்கூரு ஆம்பளைக பூராவும் விசைப்படகுக்குப் போயிட்டாவ. கரைவலை இழுக்க ஆளு இல்ல. கரைவலை பாத்திருக்கீங்களா? கடலுக்குள்ள வலையச் சுத்திப் போட்டுட்டு, ரெண்டு பக்கக் கயித்தையும் கரையில நின்னு இழுக்கணும். முழு மத்தியானமும் இழுக்கணும். அந்தக் கயித்த நாங்க புடிச்சோம். என் அண்ணன் பொண்டாட்டி பிரகாசி மைனி தாளம் போட்டுக் குரல் குடுப்பாவ, எங்கள்ல சின்னவ குருசம்மா முன்னால நிப்பா, நான் பின்னால. ஆம்பளைக சிரிச்சாவ. வலை கரைக்கு வந்தப் பொறவு சிரிப்ப நிப்பாட்டிட்டு மீனுக்கு விலை கேட்டாவ.

அப்போ டவுனுல பொம்பளப் பிள்ளைக பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர், ஹெப்சிபா டீச்சர்னு பேரு, சனிக்கிழமை சனிக்கிழமை மீன் வாங்க வருவாவ. ஒரு நாளு மீன வாங்காம எங்களையே பாத்துக்கிட்டு நிக்காவ. நான் கேட்டேன், "என்ன டீச்சர், சாளை வேணுமா, எங்க மூஞ்சி வேணுமா?"ன்னு.

"நீங்க எட்டுப் பேரும் மாவட்டப் போட்டிக்கு வாங்க"ன்னாவ. "ஜெயிச்சா மெட்ராஸ்ல இழுக்கலாம்."

எங்களுக்கு டவுனுக்குள்ள ஒரே பேருதான் தம்பி. மீன்காரி. கூடையோட பஸ்ல ஏறுனா கண்டக்டர் ஜன்னலப் பாத்துக்கிட்டு டிக்கெட் குடுப்பான். அப்படிப்பட்ட எங்கள மெட்ராஸ்ல மைக் வச்சுக் கூப்புடுவாங்களான்னு குருசம்மா கேட்டா. "கூப்புடுவாங்க, உங்க ஊரு பேரச் சொல்லிக் கூப்புடுவாங்க"ன்னாவ டீச்சர். அன்னைக்கே அவ சரின்னுட்டா. நான் கொஞ்சம் யோசிச்சேன். நான் எதுலயும் அவசரப்படுற ஆளு இல்ல. மறுநா காலையிலதான் சரின்னேன்.

டீச்சர் சாயங்காலம் வருவாவ. மணல்ல எப்படிக் குதிகால ஊனணும், எப்படி எட்டுப் பேரும் ஒரே மூச்சுல சாயணும்னு சொல்லிக் குடுப்பாவ. குதிகால் ஊனுறதெல்லாம் எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஆனாலும் சொல்லும்போது குறுக்க பேச மாட்டேன். இழுத்து முடிச்சு உக்காந்ததும் கதை சொல்லுவாவ. அதுக்குத்தான் நாங்க எல்லாம் காத்துக் கெடப்போம்.

அமெரிக்காவுல நடந்த ஒரு ஒலிம்பிக்ல, மாரத்தான் ஓட்டத்துல ஒருத்தன் பாதி வழியில முடியலன்னு கார்ல ஏறிட்டானாம். கார் பழுதாகவும் எறங்கி, மிச்சத்த ஓடி வந்து, மைதானத்துக்குள்ள நொழைஞ்சா எல்லாரும் இவன்தான் மொதல்னு கை தட்டுறாவளாம். இவனும் கையக் கையக் காட்டுறான். பொறவுதான் வெளிய வந்துச்சு. சரி, நெசமா ஜெயிச்சவனாவது யோக்கியமான்னா, அவனுக்குக் கூட வந்தவங்க வழியில தெம்புக்குன்னு எலிக்கு வைக்கிற விசத்த முட்டை வெள்ளைக்கருவுல கலந்து குடுத்தாவளாம். அவனுக்குத்தான் தங்கம். எங்க மைனிக்கு அந்தக் கதை புடிக்கல. "விசத்தக் குடிச்சவனுக்குத் தங்கமா?"ன்னு ரெண்டு நாளு பொலம்புனாவ.

பாரீஸ்ல கயிறு இழுக்க வந்த கூட்டத்துல ஒரு ஆளு கொறஞ்சு போச்சாம். வேடிக்கை எழுத வந்த பேப்பர்காரரப் புடிச்சுக் கயித்தக் கையில குடுத்துட்டாவ. அவருக்கும் மொதல் பரிசு. நீங்க பேப்பர்ல வேலை பாக்கீங்களா? இல்லையா? சரி.

எனக்குப் புடிச்சது ரெண்டு. ஒண்ணு, லண்டன்ல நடந்தது. இங்கிலாந்து போலீஸ்காரங்க ஒரு பக்கம், அமெரிக்காக்காரங்க ஒரு பக்கம். போலீஸ்காரங்க கால்ல இரும்புலாடம் அடிச்ச மாதிரி கனமான பூட்ஸு. ஒரே இழுப்பு. அமெரிக்காக்காரங்க, "இது என்ன நியாயம், இந்தப் பூட்ஸு ஆகாது"ன்னு சண்டைக்கு வந்தாவ. போலீஸ்காரங்க, "இது நாங்க தெனமும் டூட்டிக்குப் போடுற பூட்ஸு"ன்னாவ. நடுவரும் சரின்னுட்டாவ. தெனமும் போடுறதுன்னா தப்பில்லைன்னு தீர்ப்பு. மனசுல வச்சுக்கிட்டேன்.

இன்னொண்ணு, அதுக்கு அடுத்த ஒலிம்பிக்ல. கயிறு இழுக்க நெறைய நாடு பேரு குடுத்துட்டு, வந்தது ரெண்டே ரெண்டு நாடு. இங்கிலாந்துக்காரங்க ஒரு இழுப்புகூட ஜெயிக்கல. ஆனா அவங்களுக்கு வெள்ளி. ஏன்? வந்தாவ. வந்து தோத்தாவ. வராதவங்களுக்கு ஒண்ணுமில்ல. இத நல்லா ஞாபகம் வச்சுக்கிடுங்க தம்பி.

போட்டிக்குப் போனோம். எட்டுப் பேரும் ஒரே நெறத்துல சேலை. கொசுவத்த இழுத்துச் சொருகிட்டு நிக்கோம். எதுத்தாப்புல கோவில்பட்டிப் பக்கத்து நூல் மில்லுப் பிள்ளைக. மில்லுல வாங்கிக் குடுத்த புது ஷூ, சாக்ஸு, டீ சர்ட்டு. பவுடர் வேற. அதுல தலைவி முத்துப்பேச்சின்னு ஒருத்தி. ஒல்லியா, நரம்பா இருந்தா. இவளா கயிறு இழுக்கப் போறான்னு மைனிட்ட சொன்னேன். "சத்தமாச் சொல்லாதட்டி"ன்னாவ மைனி. நான் எங்க சத்தமாச் சொன்னேன்? என் குரலே அப்படி.

போட்டிக் கமிட்டிச் செயலாளர் கோமதிநாயகம்னு ஒருத்தரு. வெள்ளைச் சட்டை, விசிலு. எங்க காலப் பாத்தாரு. "ஷூ எங்க?"ன்னாரு.

"ஷூ இல்ல சார்."

"ஷூ இல்லாம எறங்கக் கூடாது. இது மணல் இல்ல, இறுகுன தரை. கால் கிழிஞ்சா கமிட்டியால பதில் சொல்ல முடியாது."

டீச்சர் பக்குவமாப் பேசுனாவ. இது முன்கூட்டியே சொல்லாத விதி சார், ஒரு வாரம் முந்திச் சொல்லியிருந்தா ஏற்பாடு பண்ணியிருப்போம்னு. அவரு தலைய ஆட்டிக்கிட்டே இருந்தாரு. டீச்சர் மாதிரிப் பேசுனா மத்தியானம் வரைக்கும் பேசலாம்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் முன்னால போனேன். லண்டன் கதையச் சொன்னேன். போலீஸ்காரங்க தெனமும் போடுற பூட்ஸுன்னா சரின்னு ஒலிம்பிக்லயே விட்டுருக்காவ சார், நாங்க தெனமும் போடுற பூட்ஸு இதுதான்னு, காலத் தூக்கி அவரு மேசை மேல வச்சேன்.

கொஞ்சம் மண்ணு இருந்துச்சு கால்ல. மேசை மேல கெடந்த பூமாலையில பட்டுட்டு. வேணும்னு செய்யல.

"கால எடும்மா!"ன்னு கத்துனாரு. டீச்சர் என் கையப் புடிச்சு இழுத்தாவ. "பனிமயம், வேண்டாம், நான் பேசிக்கிடுதேன்"ன்னாவ. அவங்க பேசித்தானே இந்த லெச்சணம்.

உடனே மைக்ல சொல்லுதாவ: "கடற்கரை மகளிர் அணி வரவில்லை. ஆகவே மில் அணி போட்டியின்றி வெற்றி பெறுகிறது."

வரவில்லை.

எட்டுப் பேரு நிக்கோம் தம்பி. மைக்குக்கு முன்னாலதான் நிக்கோம். குருசம்மா அப்படியே திரும்பி என்னையப் பாத்தா. "நாம வரலையாக்கா?"ன்னு கேட்டா. சின்னப்பிள்ள கேக்குற மாதிரிக் கேட்டா. எனக்கு வந்துச்சே ஒரு கோவம். நான் கோவப்படுற ஆளே இல்ல, ஊருல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. அன்னைக்கு வந்துச்சு.

நேரா மைதானத்துக்கு நடுவுல போனேன். கயிறு கெடக்கு. நுனிய எடுத்து உடம்புல சுத்துனேன். ஒண்ணும் சொல்லல, யாரையும் கூப்புடல. திரும்பிப் பாத்தா ஏழு பேரும் கயித்தப் புடிச்சிட்டு நிக்காவ. மொதல்ல வந்து புடிச்சது மைனிதான்.

செயலாளரு ஓடி வந்தாரு. "வெளிய போங்க! மைதானத்த விட்டு வெளிய போங்க!"

"நாங்கதான் வரவே இல்லையே சார். வராத ஆள எப்படி வெளிய போகச் சொல்லுதீங்க?"ன்னேன். "வெளியேத்தணும்னா இழுத்து வெளியேத்துங்க. அந்தா கெடக்கு மறு நுனி."

சனம் எல்லாம் சிரிக்கு. விசில் அடிக்கு. ரெண்டு மூணு கமிட்டி ஆளுக வந்து மறு நுனியத் தொட்டானுக. ஒரு உதறு உதறுனோம். விட்டுட்டானுக.

அப்பத்தான் அந்த முத்துப்பேச்சி நடந்து வந்தா. செயலாளரத் தாண்டிப் போயி, தரையில உக்காந்து, ஷூ கயித்த அவுத்தா. சாக்ஸக் கழட்டி ஷூவுக்குள்ள திணிச்சா. அவளப் பாத்து மத்த ஏழும் கழட்டுச்சு. புது ஷூல்லா, கடிச்சிருக்கும். அதான் கழட்டிட்டா. மைனி என்னவோ, "மனசுள்ள பிள்ளட்டி அவ"ன்னாவ. மைனிக்கு எல்லாரும் மனசுள்ள பிள்ளைகதான்.

"நாங்க இழுக்கோம்க்கா"ன்னா முத்துப்பேச்சி. "ஜெயிச்சுட்டீங்கன்னு மைக்ல சொல்லிட்டாங்களே"ன்னேன். "இழுக்காம எப்படிக்கா ஜெயிக்குறது?"ன்னு கேட்டா. வேத்து ஊருப் பிள்ள, பேச்சுக் கொஞ்சம் கூடத்தான்.

டீச்சர் செயலாளரு கையிலருந்த விசில வாங்கிட்டாவ. யாருட்டயும் கேக்கல, அவுகளே ஊதிட்டாவ.

மொத இழுப்பு எங்களுக்கு. மைனி குரல் குடுக்க, கரைவலை வந்த மாதிரி வந்துச்சு கயிறு. அந்தப் பிள்ளைக முகத்தப் பாக்கணுமே! சனம் எங்கூரு பேரச் சொல்லிக் கத்துச்சு. குருசம்மா அழுதுக்கிட்டே இழுத்தா.

ரெண்டாவது இழுப்பு அவங்களுக்கு. எங்களுக்கு எதுத்தாப்புல வெயிலு. வேற ஒண்ணுமில்ல.

மூணாவது. நின்னுச்சு தம்பி. கயிறு அந்தப் பக்கமும் போகல, இந்தப் பக்கமும் வரல. நடுவுல கட்டுன துணி துடிக்கு. நான் வானத்தப் பாத்துச் சாஞ்சு கெடக்கேன். மைனி குரல் கம்மிப் போச்சு. அந்தப் பக்கத்துலருந்து முத்துப்பேச்சி குரல் மட்டும் கேக்கு, மெதுவா, பிள்ளைக்குச் சோறு ஊட்டுற மாதிரி, "இருங்கடி, இருங்கடி, இன்னும் கொஞ்சம் இருங்கடி"ன்னு. அவங்க இழுக்கவே இல்ல. இருந்தாங்க. நாங்க இழுத்தோம் இழுத்தோம், அவங்க இருந்தாங்க. பொறவு ஒரே ஒரு தரம், எட்டுப் பேரும் ஒண்ணாச் சாஞ்சாங்க.

நான் விழல. தரை என்னைய விட்டுட்டு. அம்புட்டுத்தான்.

கால் பெருவெரல் நகம் பேந்துட்டு. குதிகாலு கிழிஞ்சு ரெத்தம். அது வேற விசயம், அதுக்கும் செயலாளரு சொன்னதுக்கும் சம்மந்தம் இல்ல. முத்துப்பேச்சி தண்ணி கொண்டாந்து ஊத்துனா. "அக்கா, இப்படி ஒரு ஆள நான் இழுத்ததே இல்ல"ன்னா. தோத்தவ காலுல தண்ணி ஊத்திப் பெருமை பேசுதா பாருங்க.

தோத்தோம். நான் இல்லைன்னு சொல்லல. ரெண்டுக்கு ஒண்ணு தோத்தோம். ஆனா பரிசு குடுக்கும்போது அந்த மனுசன் மைக்கப் புடிச்சு மறுபடியும் அதையே சொல்லுதாரு: "கடற்கரை அணி வராததால்..." நான் கத்துனேன், "வந்தோம் சார்! வந்து தோத்தோம் சார்! தோத்தோம்னு சொல்லுங்க சார்!"ன்னு. மைக்குக்கு முன்னால என் குரலு எடுபடுமா?

ஹெப்சிபா டீச்சர் அதுக்கப்புறம் கடக்கரைக்கு வரல. பள்ளிக்கூடத்துல என்னவோ கூப்புட்டு விசாரிச்சாவளாம், வேற ஊருக்கு மாத்தல் ஆகிட்டாவளாம். எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல. படிச்சவங்க பாசம் அம்புட்டுத்தான். நான் அவுகளுக்காக அம்புட்டுச் சண்ட போட்டேன், அத ஒரு தடவகூட நெனச்சுப் பாத்திருக்க மாட்டாவ.

அதுக்குப் பொறவு ஒவ்வொரு வருசமும் போட்டி நடக்கும்போது நான் போவேன். இழுக்க இல்ல. எங்கள யாரு சேக்குறா? செயலாளரு முன்னால போயி நிப்பேன். "நாங்க தோத்தோம்னு மைக்ல ஒரு தடவ சொல்லிருங்க சார், நான் போயிருதேன்"னு சொல்லுவேன். "உனக்கு வேற வேலை இல்லையா?"ன்னு கேப்பாரு. இருக்கு. மீனு விக்கணும், பிள்ளைகளக் கட்டிக் குடுக்கணும், எல்லாம் இருக்கு. இதுவும் இருக்கு.

எங்க வீட்டுக்காரரே கேட்டாரு, "ஊருல எல்லாரும் ஜெயிச்சேன்னு சொல்லச் சொல்லிச் சண்ட போடுவான், நீ தோத்தேன்னு சொல்லச் சொல்லிச் சண்ட போடுதியே"ன்னு.

சுனாமி வந்துச்சுல்லா. குருசம்மா அன்னைக்குக் கரையில மீன் காயப் போட்டுக்கிட்டு இருந்தா.

அதுக்கு மேல அதப் பத்திப் பேச வேண்டாம். நான் சொல்லுறது இதுதான்: அவ வந்தா. முன்னால நின்னா. அழுதுக்கிட்டே இழுத்து, ஒரு இழுப்பு ஜெயிச்சு, ரெண்டு இழுப்பு தோத்தா. அவ வரலன்னு எவன் சொல்லுறது? உசுரோட இருக்குற என்னைய வரலன்னு சொன்னாக்கூட நான் நேருல போயி நின்னு காட்டிருவேன். அவ எங்க போயி நிப்பா?

இன்னைக்குக் கமிட்டிக்கு என்னவோ பெரிய ஆண்டு விழா. பழைய காலத்துல ஜெயிச்சவங்களுக்கெல்லாம் பொன்னாடை. மைனி மகன் வந்து சொன்னான். "போகாதட்டி, எல்லாம் மண்ணாப் போச்சு"ன்னாவ மைனி. நான் போனேன். பந்தல்ல முன் வரிசையில உக்காந்தேன். அது யாருக்கோ போட்ட நாற்காலியாம், எழுந்திருக்கச் சொன்னானுக. நான் எழுந்திருக்கல.

முத்துப்பேச்சி வந்திருந்தா. மில்லு மூடிட்டாங்களாம். முழங்காலு போயிட்டு, கம்பு ஊனி மேடை ஏறுதா. தல நரைச்சுட்டு. என்னையப் பாத்தா. நானும் பாத்தேன். பாத்துக்கிட்டே இருந்தேன்.

அந்தச் செயலாளருக்கும் வயசாயிட்டு, கை நடுங்குது, ஆனா மைக்க விடல. "மகளிர் கயிறு இழுக்கும் போட்டியில், போட்டியின்றி வெற்றி பெற்ற அணியின் தலைவி..."ன்னு ஆரம்பிச்சாரு. நான் எழுந்தேன். நான் வாயத் தொறக்கதுக்கு முந்தி மேடையில முத்துப்பேச்சி கையக் காட்டி நிப்பாட்டுனா. மைக்க அவரு கையிலருந்து வாங்கல. அவரு கையோட சேத்துத் தன் பக்கம் திருப்புனா.

"ஐயா, எனக்கு இந்தப் பொன்னாடை வேண்டாம்"ன்னா. "நாங்க சும்மா ஜெயிக்கல. கடக்கரையில இருந்து எட்டுப் பொம்பளைங்க வந்தாங்க. மொத இழுப்புல எங்கள மண்ணுல பொரட்டிட்டாங்க. நாங்க அவ்வளவு பெரிய ஆளுகள ஜெயிச்சோம்னு என் பேரப்பிள்ளைகிட்ட சொன்னா நம்ப மாட்டேங்குறான். நீங்க சொன்னா நம்புவான். சொல்லுங்க."

நான் மொறைச்ச மொறைப்புலதான் சொல்லியிருப்பா. இல்லன்னா அவளுக்கு எதுக்கு?

செயலாளரு அவளப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. பொறவு தொண்டையச் செருமிக்கிட்டு, "கடற்கரை மகளிர் அணி..."ன்னு நிப்பாட்டுனாரு. "வந்தது. இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோல்வி அடைந்தது"ன்னாரு.

தோல்வி அடைந்தது!

கை தட்டுனாங்க தம்பி. தோத்ததுக்குக் கை தட்டுனாங்க. நான் நின்னுக்கிட்டே கேட்டேன். அழல. தூசி இருந்துச்சு பந்தல்ல.

விசேசம் முடிஞ்சு முத்துப்பேச்சி கம்ப ஊனிக்கிட்டு என்கிட்ட வந்தா. "இப்போ நிம்மதியாக்கா?"ன்னு கேட்டா.

"நிம்மதியா? இனிமேத்தாண்டி இருக்கு"ன்னேன். "வராதவளுக்குப் பேச வாயில்ல. தோத்தவளுக்கு இருக்கு. மறுபடியும் இழுப்போம்னு கேக்குற உரிமை தோத்தவளுக்குத்தான். பங்குனி கழியட்டும், உன் ஆளுகளக் கூட்டிக்கிட்டு எங்க கடக்கரைக்கு வா. முட்டி வலிச்சா உக்காந்துக்கிட்டு இழு. நானும் உக்காந்துக்கிடுதேன்."

அவ என்ன சொன்னான்னு கேக்கீங்களா? கம்பத் தூரப் போட்டுட்டு என் தோளப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. "வாரேன்க்கா"ன்னா.

அவளுக்கு எட்டுப் பேரு கெடைப்பாங்களாம். எங்க பக்கந்தான் ஒரு ஆளு கொறையுது. குருசம்மா எடம். தம்பி, நீங்க தங்கச்சி, மதினின்னு யாராவது வச்சிருக்கீங்களா? கையி கொஞ்சம் கெட்டியா இருக்கணும். மத்தத நான் பாத்துக்கிடுதேன்.